பிளவின் மேல் ஒரு ஸ்டேடியம்: பெர்க்லி மெமோரியல் ஸ்டேடியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் என்றதும் நம்மவர்கள் பலருக்கு ஜார்ஜ் ஹார்ட் தமிழ் கற்பித்த இடம் என்றுதான் ஞாபகம் வரும். அந்த வளாகத்தின் கிழக்கு ஓரத்தில், மலை தொடங்கும் இடத்தில், பெரிய கான்கிரீட் கிண்ணம் மாதிரி ஒரு ஃபுட்பால் ஸ்டேடியம் இருக்கிறது. ஹேவர்டு பிளவு என்ற நிலநடுக்கப் பிளவு அதன் நடுவாகவே போகிறது. 2010 கடைசியில் தொடங்கி 2012 வரை அதன் உட்புறத்தை இடித்து மறுபடி கட்டினார்கள்.

நான் இந்தப் பக்கத்தில் பல வருஷமாகக் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே ஒருமுறை கூட்டிக்கொண்டு போய்விடுவேன். போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் அவர்கள் கேட்ட கேள்விகள்தான் கீழே இருப்பவை.

இது நம்ம ஊர் ஃபுட்பாலா?

இல்லை, அமெரிக்கன் ஃபுட்பால். இரு முனையும் கூம்பிய பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள். காலால் உதைப்பது சில நேரங்களில் மட்டும். மைதானம் 100 கெஜ நீளம். இரண்டு முனையிலும் இன்னும் பத்துப் பத்து கெஜம் உண்டு. பெர்க்லி அணியின் பெயர் கோல்டன் பேர்ஸ். பேச்சில் எல்லோரும் "கால்" என்பார்கள், கலிபோர்னியா என்பதன் சுருக்கம் அது.

ஒரு கல்லூரி அணிக்கு எதற்கு இவ்வளவு பெரிய ஸ்டேடியம்?

ஊரிலிருந்து வருபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். நம் பக்கத்தில் கல்லூரி மேட்ச் என்றால் மர நிழலில் இருநூறு பேர் நிற்பார்கள். இங்கே கதையே வேறு. பல ஊர்களில் தொழில்முறை அணிகள் வருவதற்கு முன்பே கல்லூரி அணிகள்தான் ஊருக்கே சொந்த அணியாக இருந்தன. படித்து முடித்து நாற்பது வருஷம் ஆனவர்களும் குடும்பத்தோடு நீலச் சட்டை போட்டுக்கொண்டு வருவார்கள். டிவி ஒளிபரப்பு உரிமையில் பெரும் பணம் வருகிறது. அந்தப் பணத்தை நம்பித்தான் நீச்சல், படகு, ஓட்டம் எனப் பல விளையாட்டுகளும் நடக்கின்றன. 2024இல் பெர்க்லியும் ஸ்டான்ஃபோர்டும் மேற்குக் கரையில் இருந்துகொண்டே அட்லாண்டிக் கரை அணிகளின் லீக்கில் போய்ச் சேர்ந்ததற்கும் இந்தப் பணம்தான் காரணம்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சொந்த மைதானத்தில் இந்த அணி ஆடுவது ஒரு வருஷத்தில் ஆறேழு ஆட்டங்கள்தான். செலவு பற்றிப் பேசும்போது இந்தக் கணக்கு தேவைப்படும்.

'மெமோரியல்' என்றால் யார் நினைவாக?

முதல் உலகப் போரில் இறந்த கலிபோர்னியாக்காரர்களின் நினைவாக. பொதுமக்களிடமும் பழைய மாணவர்களிடமும் சந்தா திரட்டிக் கட்டினார்கள். வரைந்தவர் ஜான் கேலன் ஹோவர்டு. பெர்க்லி வளாகத்தின் பழைய வெள்ளைக் கட்டடங்களில் பல அவர் கைவண்ணம். நடுவில் நிற்கும் மணிக்கூண்டும் அவருடையதுதான். 1923 நவம்பர் 24 அன்று ஸ்டான்ஃபோர்டுக்கு எதிரான ஆட்டத்தோடு திறந்தார்கள். பெர்க்லி 9-0 என்று ஜெயித்தது.

போயும் போயும் பிளவின் மேலா கட்டினார்கள்? அப்போது தெரியாதா?

பிளவு இருப்பது தெரியும். 1868இல் இதே பிளவு உடைந்து பெரிய நிலநடுக்கம் வந்திருந்தது. 1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்துக்குப் பிறகு வந்த விரிவான அரசு அறிக்கையைத் தொகுத்த ஆண்ட்ரூ லாசன் இதே பெர்க்லியின் பேராசிரியர். 1868இல் தரை எங்கெல்லாம் கிழிந்தது என்ற விவரமும் அந்த அறிக்கையில் உண்டு.

ஆனால் பிளவு உடையாத காலத்திலும் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும் என்பது அன்றைக்குத் தெளிவாகவில்லை. அது புரிய இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. ஸ்ட்ராபெர்ரி கேன்யன் என்ற அந்தப் பள்ளத்தாக்கின் வாய் பார்ப்பதற்கு ஸ்டேடியத்துக்கென்றே அமைந்த மாதிரி இருந்தது. கிழக்குப் பக்கம் மலைச்சரிவு இருப்பதால் பாதிப் படிக்கட்டுகளை மண்ணின் மேலேயே போட்டுவிடலாம். மேலே குன்றின் மண்ணை நீரைப் பீய்ச்சிக் கரைத்து இறக்கிப் பள்ளத்தை நிரப்பினார்கள். ஓடையை ஒரு கான்கிரீட் குழாய்க்குள் விட்டு மைதானத்துக்கு அடியில் கொண்டுபோனார்கள்.

அந்தப் பள்ளத்தாக்கு அப்படி அமைந்ததற்குப் பிளவும் ஒரு காரணம். பிளவு ஓடும் இடத்தில் பாறை நொறுங்கிக் கிடக்கும், நீர் எளிதாக அரித்துவிடும். இரண்டு பக்கமும் எதிரெதிராக நகர்வதால் ஓடைகளின் வாய் விலகி வளையும். கட்டியவர்களுக்கு வசதியாகக் கிடைத்த அந்த நிலமே பிளவு செதுக்கிக் கொடுத்ததுதான்.

மெதுவாக நகர்கிறது என்றால் எவ்வளவு? கண்ணுக்குத் தெரியுமா?

பெர்க்லிப் பகுதியில் வருஷத்துக்கு 4 முதல் 5 மில்லிமீட்டர். ஒரு துவரம் பருப்பின் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 1923 முதல் சேர்ந்துகொண்டே வருகிறது. மேற்குப் பாதி வடக்கே போகிறது, கிழக்குப் பாதி தெற்கே. பிளவு ஒரு கோல்கம்பத்துப் பக்கம் நுழைந்து மறு கோல்கம்பத்துப் பக்கம் வெளியேறுகிறது. எண்பது, தொண்ணூறு வருஷத்தில் ஸ்டேடியத்தின் இரண்டு பாதியும் ஓரடிக்கு மேல் விலகிவிட்டன.

கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது. பழைய ஸ்டேடியத்தின் தெற்கு முனையில் கேகே என்று எழுத்துப் போட்ட பகுதியின் உச்சிக்கு ஏறினால் வெளிச்சுவரில் ஒரு எக்ஸ்பான்ஷன் ஜாயிண்ட், அதாவது கான்கிரீட் விரிந்து சுருங்குவதற்காக விட்ட இடைவெளி, இருக்கும். அதன் இரண்டு பக்கமும் சுவர் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். இருக்காது. ஒரு பக்கத்துச் சுவரின் தலைப்பு மறுபக்கத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் உள்ளங்கையைச் செருகலாம். என் சித்தப்பா ஒருவர் கொத்தனார் வேலை மேற்பார்வை பார்த்தவர். அங்கே நின்று சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தூக்குக்குண்டு விட்ட மாதிரி நேராகத்தானே நிற்கிறது, அப்புறம் ஏன் விலகியது?" என்று கேட்டார். சுவர் சாயவில்லை, அது நிற்கும் தரை போய்விட்டது என்று சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

மைதானத்துக்கு அடியில் போகும் அந்த ஓடைக் குழாயும் பிளவைக் கடக்கும் இடத்தில் வெடித்திருந்தது. 1966இல் நிலவியலாளர்கள் அதை ஆராய்ந்து, பிளவின் ஊர்தல்தான் காரணம் என்று எழுதினார்கள். ஹேவர்டு பிளவு சத்தமில்லாமல் நகர்கிறது என்பதற்குக் கிடைத்த ஆரம்பகாலச் சாட்சிகளில் அதுவும் ஒன்று.

தெற்கே ஹேவர்டு நகரில் ஒரு தெருமுனையில் நடைபாதையின் விளிம்புக்கல் இரண்டாக விலகி நின்றது. வருஷாவருஷம் போட்டோ எடுத்துவைத்து நகர்வைக் கணக்கிட்டு வந்தார்கள். 2016இல் நகராட்சி நடைபாதையைச் சீரமைத்தபோது அந்தக் கல்லைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டுவிட்டது. நிலவியல் ஆசிரியர்களுக்கு வீட்டுப் பெரியவர் போன மாதிரி வருத்தம்.

பெரிய நிலநடுக்கம் வருமா?

வரும். எப்போது என்பதை யாராலும் சொல்ல முடியாது. இந்தப் பிளவு கடைசியாகப் பெரிதாக உடைந்தது 1868 அக்டோபர் 21இல். அளவு ஏறக்குறைய 6.8, முப்பது பேர் வரை இறந்தார்கள். அதற்கு முன் நடந்தவற்றை மண்ணைத் தோண்டி அடுக்குகளைப் பார்த்துக் கணித்திருக்கிறார்கள்: சராசரியாக நூற்றைம்பது வருஷத்துக்கு ஒன்று என்ற அளவில் வருகிறது. 1868இலிருந்து நூற்றைம்பது வருஷம் 2018இலேயே முடிந்துவிட்டது. ஹேவர்டு பிளவும் அதன் வடக்குத் தொடர்ச்சியான ரோட்ஜர்ஸ் க்ரீக் பிளவும் சேர்ந்து, 2014 முதல் 2043க்குள் 6.7 அல்லது அதற்கு மேற்பட்ட நிலநடுக்கத்தைக் கொடுக்கும் வாய்ப்பு 33 சதவீதம் என்று அமெரிக்க நிலவியல் துறையினர் கணக்கிட்டார்கள். இந்த வட்டாரத்தின் பிளவுகளில் இதுதான் அதிக வாய்ப்பு உள்ளது.

பழைய கட்டடத்தில் அப்படி என்ன ஆபத்து?

ஆபத்தெல்லாம் மேற்குப் பக்கத்தில்தான். கிழக்குப் படிக்கட்டுகள் மலைச்சரிவின் மண்ணிலேயே உட்கார்ந்திருக்கின்றன, விழுவதற்கு உயரம் இல்லை. மேற்குப் பக்கம் தூண்களின் மேல் தனியாக எழும்பி நிற்கும் கான்கிரீட் கட்டடம். 1923இல் போட்ட கம்பிக்கட்டு இன்றைய கணக்குக்கு மிகக் குறைவு. ஆட்ட நாட்கள் வருஷத்தில் ஆறேழுதான் என்பதால் அந்த நேரம் பார்த்து நிலநடுக்கம் வரும் வாய்ப்பு குறைவு என்று சிலர் வாதம் செய்ததுண்டு. ஆனால் அந்தப் படிக்கட்டுகளுக்கு அடியில்தான் அலுவலகங்கள், உடைமாற்றும் அறைகள், எடைப்பயிற்சிக் கூடம் எல்லாம் இருந்தன. பத்தொன்பது, இருபது வயசுப் பிள்ளைகள் தினமும் காலையிலிருந்து இருட்டும்வரை அங்கேயே கிடந்தார்கள். ஒரு ஏற்பாடு செய்தே ஆக வேண்டும் என்று என்னை நம்பவைத்தது இந்த ஒரு விஷயம்தான்.

பேசாமல் வேறு இடத்தில் கட்டியிருக்கலாமே?

நியாயமான கேள்வி. வெற்று நிலமாக இருந்து இன்று புதிதாகக் கட்டுவதாக இருந்தால் யாரும் அங்கே கட்ட மாட்டார்கள், சட்டமும் விடாது. ஆனால் பெர்க்லி நெருக்கமான ஊர். 60,000 பேருக்கு இடம் வேண்டுமென்றால் ஊருக்கு வெளியேதான் போக வேண்டும். மாணவர்கள் விடுதியிலிருந்து நடந்து வரும் பழக்கம் அத்தோடு போய்விடும். அது போர் நினைவுச்சின்னம் வேறு. 2006 நவம்பரில் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டிலும் சேர்த்துவிட்டார்கள். இடித்துவிட்டுப் போவது அவ்வளவு எளிதில்லை.

இடம் தவறு என்பதே என் கருத்து. அதே சமயம், அந்தத் தவறோடு ஊர் எண்பது வருஷம் வாழ்ந்த பிறகு, அதை ஒளிக்காமல் நேராக எதிர்கொண்ட விதத்தில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

மரத்தில் ஆட்கள் குடியிருந்தார்கள் என்கிறார்களே, அது என்ன?

ஸ்டேடியத்தின் மேற்குச் சுவரை ஒட்டி ஒரு ஓக் தோப்பு இருந்தது. முதலில் விளையாட்டு வீரர்களுக்கு அங்கே ஒரு பயிற்சி மையம் கட்டி, அடியில் இருப்பவர்களை அதற்கு மாற்றிவிட்டு, பிறகு ஸ்டேடியத்தில் கைவைப்பது என்பது பல்கலைக்கழகத்தின் திட்டம். அதற்குத் தோப்பு போக வேண்டும்.

2006 டிசம்பர் 2 அன்று, ஸ்டான்ஃபோர்டோடு ஆட்டம் நடந்த நாளில், சிலர் மரங்களில் ஏறிக்கொண்டார்கள். இறங்கவில்லை. கிளைகளுக்கு நடுவே பலகை கட்டி, கயிற்றில் சாப்பாட்டு வாளி ஏற்றி, மழையிலும் வெயிலிலும் மாறிமாறி ஆட்கள் இருந்தார்கள். இருபத்தோரு மாதம் நடந்த போராட்டம் அது. பூர்வகுடிகளான ஓலோனி மக்களின் அடக்கத்தலம் அங்கே இருக்கிறது என்ற கோரிக்கையும் சேர்ந்தது. பல்கலைக்கழகம் சுற்றிலும் கம்பிவேலி போட்டது.

நீதிமன்றத்தில் இன்னொரு சண்டை. பெர்க்லி நகராட்சி, மேலே குடியிருக்கும் பனோரமிக் ஹில் சங்கத்தார், ஓக் மரங்களைக் காக்கும் அமைப்பு ஒன்று என மூன்று தரப்பும் வழக்குப் போட்டன. 2007 தொடக்கத்தில் நீதிபதி தடை விதித்தார். வாதத்தின் மையம் 1972இல் வந்த அல்கிஸ்ட்-பிரியோலோ சட்டம். உயிருள்ள பிளவின் மேல் ஆட்கள் புழங்கும் புதுக் கட்டடம் கூடாது, பழைய கட்டடத்தில் செய்யும் மாற்றமும் அதன் மதிப்பில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது அந்தச் சட்டம். பயிற்சி மையம் தனிக் கட்டடமா, ஸ்டேடியத்தோடு ஒட்டிய நீட்சியா என்பதே கேள்வி. தனிக் கட்டடம் என்றால் பிளவின் மேல் வராத வரை கட்டலாம்; நீட்சி என்றால் அந்தப் பாதி மதிப்புக் கணக்கு குறுக்கே நிற்கும்.

கடைசியில் தீர்ப்பு பல்கலைக்கழகத்தின் பக்கம் சாய்ந்தது. நகராட்சி மேல்முறையீட்டிலிருந்து விலகிக்கொண்டது. 2008 செப்டம்பர் முதல் வாரத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை நீட்டிக்க மறுத்ததும் மறுநாளே ரம்பங்கள் வந்துவிட்டன. கடைசி நான்கு பேர் ஒரு ரெட்வுட் மரத்தின் உச்சியில் இருந்தார்கள். அதைச் சுற்றிச் சாரம் கட்டி, செப்டம்பர் 9 அன்று அவர்களைக் கீழே கொண்டுவந்தார்கள்.

யார் பக்கம் நியாயம் என்று கேட்டால் எனக்கு இன்றும் ஒரே பதில் இல்லை. அந்தப் பிள்ளைகளை ஆபத்தான கட்டடத்திலிருந்து வெளியே கொண்டுவர வேண்டியது அவசியம். அந்தத் தோப்பின் நிழலில் நடந்தவர்களுக்கு அது போனது இழப்பு. மையத்துக்கு வேறு இடமே இல்லை என்பதை ஊருக்குப் பொறுமையாக விளக்கியிருக்க வேண்டும். அந்தப் பொறுமை போதவில்லை.

சரி, பிளவின் மேல் எப்படித்தான் கட்டினார்கள்?

இதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது.

முதலில் மேற்குப் பக்கத்தின் பழைய வெளிச்சுவரை அப்படியே வைத்துக்கொண்டார்கள். வளைவு வளைவாக நிற்கும் அந்தச் சுவர்தான் எல்லோர் கண்ணிலும் பதிந்த ஸ்டேடியம். சுவருக்கு எஃகுத் தாங்கிகள் கொடுத்து நிறுத்திவிட்டு, உள்ளே இருந்த படிக்கட்டு, தூண், அறை எல்லாவற்றையும் இடித்து அள்ளினார்கள். சில மாதங்கள் அது வெறும் ஓடாக நின்றது. பிறகு அந்த ஓட்டுக்குள் புதுக் கிண்ணம் எழும்பியது. மைதானத் தரையையும் 4 அடி இறக்கினார்கள். முன்வரிசையில் இருப்பவர்களுக்குப் பார்வை நன்றாகக் கிடைக்கும்.

பிளவு நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் என்ன செய்வது? எவ்வளவு கம்பி போட்டாலும், எவ்வளவு கெட்டியாகக் கான்கிரீட் ஊற்றினாலும் இரண்டு பக்கமும் எதிரெதிராக ஓடும் நிலத்தைப் பிடித்து நிறுத்த முடியாது. அதனால் நிறுத்தும் எண்ணத்தையே பொறியாளர்கள் விட்டுவிட்டார்கள். வடக்கில் ஒன்று, தெற்கில் ஒன்று என ஸ்டேடியத்திலிருந்து இரண்டு துண்டுகளைக் கேக் வெட்டுவது போல வெட்டித் தனியாக்கினார்கள். ஒவ்வொரு துண்டும் தன் சொந்த ராஃப்ட் அஸ்திவாரத்தின் மேல், அதாவது தெப்பம் மாதிரி ஒரே அகலக் கான்கிரீட் பலகையின் மேல், நிற்கிறது. அந்த ராஃப்ட்டுக்குக் கீழே மணலும் பிளாஸ்டிக் விரிப்பும் அடுக்கடுக்காகப் போட்டிருக்கிறார்கள். அதாவது அந்தத் துண்டு பூமியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளவில்லை. கீழே நிலம் கிழிந்து ஓடினால் மேலே இருக்கும் துண்டு வழுக்கும், கொஞ்சம் திரும்பும், சாயும், ஆனால் உடையாது. பக்கத்துப் பகுதிகளில் மோதாமல் இருக்க இருபுறமும் இடைவெளி விட்டு மூடித் தகடு போட்டிருக்கிறார்கள். கிடையாக 6 அடி வரை, செங்குத்தாக 2 அடி வரை நகர்வைத் தாங்கும் கணக்கு.

வீட்டில் பரண் மேல் கனமான பெட்டியை இழுக்கும்போது அடியில் கோணிச்சாக்கு போட்டு வழுக்கவிடுவோமே, அதே வித்தைதான். பெட்டிக்குப் பதிலாக ஆயிரக்கணக்கானவர்கள் உட்காரும் கான்கிரீட் படிக்கட்டு.

மேற்கு விளிம்பின் உச்சியில் நீளமாக ஒரு கண்ணாடிக் கட்டடம் மிதக்கிற மாதிரி தெரியும். அது பத்திரிகையாளர்களுக்கும் விலையுயர்ந்த இருக்கைக்காரர்களுக்கும் உரியது. அது கிண்ணத்தோடு இறுகச் சேரவில்லை. தனிக் கான்கிரீட் சுவர்களின் மேல் நிற்கிறது. அந்தச் சுவர்களுக்குள் மேலிருந்து கீழாக எஃகுக் கயிறுகளை இழுத்து இறுக்கியிருக்கிறார்கள். குலுங்கும்போது சுவர் நின்ற இடத்திலேயே இரண்டு பக்கமும் ஆடும், கயிறுகள் அதை மறுபடி நேராக நிறுத்தும். கிண்ணமும் இதுவும் சந்திக்கும் இடத்தில் டேம்பர்கள் உண்டு. பைக்கின் ஷாக் அப்சார்பர் போலத்தான், அளவு மட்டும் பெரியது.

அந்தச் சமயத்தில் எங்கே ஆடினார்கள்?

2010 ஆட்டங்கள் முடிந்ததும் வேலை மும்முரமானது. 2011 பருவத்தின் சொந்த மைதான ஆட்டங்களைப் பெரும்பாலும் சான் பிரான்சிஸ்கோவில், கடலோரத்தில் இருக்கும் பேஸ்பால் மைதானத்தில் ஆடினார்கள். 2012 செப்டம்பர் 1 அன்று நெவாடா அணியோடு ஆட்டம் வைத்துப் புது ஸ்டேடியத்தைத் திறந்தார்கள். 31-24 என்று தோற்றுப்போனார்கள்.

பயிற்சி மையம் என்ன ஆனது?

2011இல் திறந்தது. சிம்ப்சன் மையம் என்று பெயர். பெரும்பகுதி தரைக்குக் கீழே இருப்பதால் மேலே ஒரு பெரிய முற்றம் மட்டும்தான் தெரியும். மையத்துக்குப் பெயர் கொடுத்த பார்க்லே சிம்ப்சன், மர வீடுகளின் உத்தரத்தையும் தூணையும் நிலநடுக்கத்தில் கழன்றுவிடாமல் பிணைக்கும் இரும்பு இணைப்புகள் செய்யும் கம்பெனியைத் தொடங்கியவர். கலிபோர்னியாவில் மர வீடு கட்டும் தச்சர்கள் யாரைக் கேட்டாலும் அந்தப் பெயர் தெரியும்.

மொத்தம் எவ்வளவு செலவு? யார் கொடுத்தார்கள்?

ஸ்டேடியத்துக்கு 32 கோடி டாலர் அளவில். பயிற்சி மையத்துக்கு இன்னும் 15 கோடிக்கு மேல். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 47 கோடி டாலர். வருஷத்தில் ஆறேழு ஆட்டம் என்று முன்னே சொன்னது இதற்காகத்தான்.

வரிப்பணம் வேண்டாம், நல்ல இருக்கைகளை விற்றே கட்டிவிடலாம் என்பது முதல் யோசனை. சுமார் 3,000 இருக்கைகளுக்கு நாற்பது, ஐம்பது வருஷ உரிமை. விலை 40,000 டாலரில் தொடங்கி இரண்டு லட்சத்துக்கு மேலேயும் போனது. 1923இல் சந்தா திரட்டிக் கட்டியதைப் போலத்தான், காலம் மட்டும் சரியில்லை. விற்பனை தொடங்கிய சமயம் பார்த்து 2008 பொருளாதாரச் சரிவு வந்தது. அதன் பின் அணியும் தொடர்ந்து ஜெயிக்கவில்லை. எதிர்பார்த்த பணம் வரவில்லை.

மிச்சமெல்லாம் கடன். ஏறக்குறைய 44 கோடி டாலருக்குக் கடன் பத்திரங்கள் போட்டார்கள். அதில் ஒரு பகுதி நூறாண்டுக் கடன். இன்று பிறக்கும் குழந்தையின் பேரப்பிள்ளைகள் காலத்தில், 22ஆம் நூற்றாண்டில்தான் அது முடியும். ஆரம்ப வருஷங்களில் வட்டி மட்டும் கட்டும் ஏற்பாடு, அதுவே வருஷத்துக்கு 1.8 கோடி டாலர் போல ஆனது. விளையாட்டுத் துறையால் தாங்க முடியவில்லை. 2018இல் வளாகத் தலைவராக இருந்த கரோல் கிறிஸ்ட், நிலநடுக்கப் பாதுகாப்புக்கான பங்கைப் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொள்ளும் என்று முடிவெடுத்தார்.

என்னைக் கேட்டால் அந்த முடிவு முதல் நாளே எடுத்திருக்க வேண்டியது. உயிர்ப் பாதுகாப்புச் செலவு வேறு, சொகுசு இருக்கைச் செலவு வேறு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி, அணி ஜெயிக்கும், இருக்கை விற்கும், அதில் பாதுகாப்புக்கும் பணம் வரும் என்று கணக்குப் போட்டதுதான் பிசகு. நிலம் எப்படி நடந்துகொள்ளும் என்பதில் அவ்வளவு எச்சரிக்கையாக இருந்த திட்டம், ஆட்களின் பணப்பை எப்படி நடந்துகொள்ளும் என்பதில் அந்த எச்சரிக்கையைக் காட்டவில்லை.

ஒரு கிரிப்டோ கம்பெனிப் பெயர் வைத்தார்களாமே?

ஆமாம், அந்தக் கடன் நெருக்கடியில்தான். மைதானத்துக்கு மட்டும் பெயர் உரிமையை விற்றார்கள். 2013இல் காபாம் என்ற வீடியோ கேம் கம்பெனி, சில வருஷத்தில் அது விலகியது. 2021இல் எஃப்டிஎக்ஸ் பத்து வருஷத்துக்கு 1.75 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டது. 2022 நவம்பரில் அந்தக் கம்பெனியே திவாலானது, பெயரையும் அழித்தார்கள். ஸ்டேடியத்தின் பெயர் எப்போதும் மெமோரியல்தான், போரில் இறந்தவர்கள் பெயரை யாருக்கும் விற்கவில்லை.

இருக்கைகள் குறைந்துவிட்டனவா?

ஆமாம். முன்பு 70,000க்கு மேல், புதுப்பித்த பிறகு 63,000 அளவுக்கு வந்தது. பழைய பெஞ்சுகளில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். வெளியேற நல்ல அகலமான வழிகள் வேண்டுமென்றால் எண்ணிக்கை குறையத்தான் செய்யும்.

அந்தப் பிரபலமான ஆட்டம் இங்கேதானா?

இங்கேதான். 1982 நவம்பர் 20. எதிரணி ஸ்டான்ஃபோர்டு, அதில் ஜான் எல்வே ஆடினார், பின்னால் தொழில்முறை ஆட்டத்தில் பெரும் புகழ் பெற்றவர். நான்கு வினாடி மிச்சம், ஸ்டான்ஃபோர்டு 20-19 என்று முன்னிலை. அவர்கள் உதைத்த பந்தைப் பெர்க்லி வீரர்கள் பிடித்து, மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் பின்னால் இருப்பவருக்குத் தள்ளித் தள்ளி ஐந்து கை மாற்றிக்கொண்டே ஓடினார்கள். ஆட்டம் முடிந்ததென்று நினைத்து ஸ்டான்ஃபோர்டின் பேண்டு வாத்தியக் குழு மைதானத்துக்குள் நுழைந்துவிட்டது. கெவின் மோயன் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே புகுந்து ஓடி, கோட்டைத் தாண்டி, ட்ராம்போன் வாசித்துக்கொண்டிருந்தவர் மேல் மோதி விழுந்தார். 25-20. பெர்க்லியில் "தி ப்ளே" என்று சொன்னால் போதும், வேறு எதுவும் விளக்க வேண்டாம்.

டிக்கெட் இல்லாமல் பார்க்க முடியுமா?

முடியும். வடகிழக்கே ஸ்டேடியத்துக்கு மேலே நிற்கும் சரிவுக்கு டைட்வாட் ஹில் என்று பெயர், நம் பாஷையில் கஞ்சர் மேடு. ஸ்டேடியத்தின் ஆரம்பகாலத்திலிருந்தே அங்கே உட்கார்ந்து இலவசமாகப் பார்க்கிறார்கள். பெர்க்லி புள்ளி எடுக்கும்போது வெடிக்கும் பீரங்கியும் அங்கேதான் இருக்கிறது. 1991இல் ஒரே ஆட்டத்தில் பன்னிரண்டு தடவை டச்டவுன் அடித்து, அதாவது பந்தை எதிரணியின் முனைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுசேர்த்து, பீரங்கிக்கு மருந்து தீர்ந்தே போனது. புதுப்பிக்கும் திட்டத்தில் கிழக்குப் பக்கத்தை உயர்த்தினால் இந்த மேட்டின் பார்வை மறையும் என்று தனியாக ஒரு வழக்கே நடந்து, சமாதானமாக முடிந்தது. பார்வை தப்பித்தது. சரிவு செங்குத்தானது, மண் வழுக்கும். நல்ல செருப்பு இல்லாமல் ஏறாதீர்கள், பெரியவர்களைக் கூட்டிப்போக வேண்டாம்.

ஆட்டம் தவிர வேறு ஏதாவது நடந்திருக்கிறதா?

1962 மார்ச் 23 அன்று ஜனாதிபதி கென்னடி இங்கே பேசினார். மைதானத்திலும் ஆட்கள் உட்கார்ந்து 88,000 பேர் வரை கேட்டார்கள். ஆட்டங்களுக்குக்கூட அவ்வளவு கூட்டம் வந்ததில்லை.

நான் உட்கார்ந்திருக்கும்போது நிலநடுக்கம் வந்தால்?

எழுந்து ஓடாதீர்கள். இருக்கையிலேயே குனிந்து, தலையையும் கழுத்தையும் கைகளால் மூடிக்கொள்ளுங்கள். குலுக்கம் நின்ற பிறகு அறிவிப்பைக் கேட்டு மெதுவாக வெளியேறுங்கள். படிக்கட்டில் நெரிசல்தான் பெரிய ஆபத்து. பழைய கட்டடமாக இருந்தால் இந்தப் பதிலைச் சொல்ல எனக்கே தயக்கமாக இருந்திருக்கும்.

எப்படிப் போவது? பிளவை எங்கே பார்க்கலாம்?

பார்ட் ரயிலில் டவுன்டவுன் பெர்க்லி ஸ்டேஷனில் இறங்கி, வளாகத்துக்குள் கிழக்கே ஏறி நடக்க வேண்டும், இருபது இருபத்தைந்து நிமிஷம். ஆட்ட நாளில் காரை நினைக்கவே வேண்டாம்.

ஆட்டம் இல்லாத நாளில் போனால் நிதானமாகப் பார்க்கலாம். மேற்குச் சுவரை வெளியிலிருந்து சுற்றிக்கொண்டு தெற்கு முனைக்கு வாருங்கள். நிலத்திலிருந்து உச்சிவரை போகும் இடைவெளிக்கோடு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். அதன் ஒரு பக்கத்தில் ஒரு காலையும் மறுபக்கத்தில் ஒரு காலையும் வைத்து நில்லுங்கள். என் சித்தப்பா அங்கே தன் பையிலிருந்த பென்சிலை எடுத்து இடைவெளியின் இரண்டு ஓரத்திலும் சின்னதாகக் கோடு போட்டுவிட்டு, அடுத்த தடவை வரும்போது அளக்கலாம் என்றார்.